பீடித் தொழிலாளி ஒருவரின் கண்ணும் ஓடிபி வராத கைபேசியும்: முக்கூடல் வட்டாரத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த நிகழ்வு ஆய்வின் மையத்தில் இருப்பவர் ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண். திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடலுக்கும் பாப்பாக்குடிக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில் வசிப்பவர். சிறுவயது முதல் பீடி சுற்றுபவர். சில ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர். அவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காக, அதே வட்டாரத்தில் அதே தொழில் செய்யும் வேறு சில பெண்களின் அனுபவங்களையும் சேர்த்து ஒருவராக்கி எழுதியிருக்கிறேன். ஆகவே இதை ஒரு தனி நோயாளியின் மருத்துவக் குறிப்பாக அல்லாமல், ஒரு சேவை கிராமத்து வாசல்வரை வந்து எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது என்பதைக் காட்டும் பதிவாகவே வாசிக்க வேண்டும்.

கேள்வி இதுதான்: கடந்த இருபது ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் கிராமத்து நோயாளிகளுக்காக உருவாக்கிய டிஜிட்டல் வசதிகளில் எவை இந்தப் பெண்ணிடம் வந்து சேர்ந்தன, எவை வழியிலேயே நின்றுபோயின, அதற்குக் காரணம் என்ன?

தொழிலும் பார்வையும்

பீடி சுற்றுவது முழுக்கக் கண்ணையும் விரல்நுனியையும் நம்பிய வேலை. ஊறவைத்த இலையை அளவுத் தகடு வைத்துக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்க வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் கிடைக்கிறது. கட்டு தளர்ந்ததையும் முனை சரியாக மடங்காததையும் பீடிக்கடையில் கழித்துவிடுவார்கள். இந்தப் பெண்ணின் பார்வை குறைவதை முதலில் கண்டுபிடித்தது மருத்துவரோ செயலியோ அல்ல, கடையில் கழிக்கப்பட்ட பீடிகளின் எண்ணிக்கைதான். “கண்ணு மங்கலா இருக்கு, நூல் போட வரமாட்டேங்கு” என்று அவர் பக்கத்து வீட்டில் சொன்னபோது, கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று எல்லாரும் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த வயதில் பார்வை மங்குவதற்கு வெள்ளெழுத்தும் காரணமாகலாம், கண்புரையும் காரணமாகலாம், சர்க்கரை நோயால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதுபடுவதும் காரணமாகலாம். மூன்றாவது காரணம் ஆபத்தானது. ஏனெனில் அது தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை, நோயாளி மங்கலை உணரும் நேரத்தில் விழித்திரையின் நடுப்பகுதி பாதிக்கப்பட்டிருக்கக் கூடும். அதனால்தான் பார்வை நன்றாக இருந்தாலும் சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கொரு முறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது. அத்தனை பேரின் விழித்திரையையும் ஆண்டுதோறும் நேரில் பார்க்கும் அளவுக்குக் கண் மருத்துவர்கள் இல்லை. இருப்பவர்களும் பெரும்பாலும் நகரங்களில் இருக்கிறார்கள். தொலைவில் இருக்கும் மருத்துவரிடம் கைபேசி, இணையம் வழியே ஆலோசனை பெறும் தொலைமருத்துவத்தின் தேவை இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கிறது.

யாருடைய எண்?

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, ஏற்கெனவே நோய் கண்டறியப்பட்டவர்களுக்கு மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். தன்னார்வலர் உள்ளூர்க்காரர் என்பது இத்திட்டத்தின் பெரிய பலம். நமது நோயாளி இரவில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், மாத்திரையைத் தானே விழுங்குகிறாரா அல்லது பாதியைத் தன் கணவருக்குக் கொடுத்துவிடுகிறாரா என்பது அந்தத் தன்னார்வலருக்குத் தெரியும். இவற்றைப் பதிவு செய்வதற்கான கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

சிக்கல் தொடங்கியது கைபேசி எண்ணில். அந்த வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனோடு போய்விட்டது. வீட்டில் இருப்பது மருமகளும் மாமியாரும் பகிர்ந்துகொள்ளும் பட்டன் போன். ரீசார்ஜ் தீர்ந்தால் வெளியே பேச முடியாது என்பதோடு சில நாள்களில் உள்ளே வரும் அழைப்பும் நின்றுவிடும். தொலைமருத்துவச் செயலி ஒன்றில் பதிவு செய்ய முயன்றபோது மகனுடைய எண்ணைக் கொடுத்தார்கள். ஓடிபி திருப்பூருக்குப் போனது. மகன் ஷிப்டில் இருந்ததால் போனை எடுக்கவில்லை. அவர் எடுத்துப் பார்ப்பதற்குள் அதன் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாம் முறையும் அப்படியே ஆனபோது தன்னார்வலர், “விடுங்க சித்தி, என் நம்பரையே போட்டுடுதேன்” என்று வேலையை முடித்தார்.

அந்த நேரத்துக்கு அது மிகச் சரியான முடிவு. அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் அன்று மருத்துவரிடம் பேசியிருக்கவே முடியாது. ஆனால் இதே தீர்வை இதே காரணத்துக்காக அந்தத் தெருவில் வேறு பல வீடுகளுக்கும் அவர் செய்திருக்கிறார். விளைவாக, மறுபரிசோதனைக்கு வரச் சொல்லும் குறுஞ்செய்திகள் அனைத்தும் அவருடைய கைபேசிக்கே வருகின்றன. அவர் அவற்றை நினைவில் வைத்து, தெருவில் போகும்போது வாசலில் நின்று சொல்கிறார். அவர் ஒரு வாரம் ஊரில் இல்லையென்றால் தெருவுக்கே செய்தி இல்லை. அதைவிடக் கவலைக்குரியது, இந்தத் தரவை நாளை ஓர் ஆய்வாளர் எடுத்துப் பார்க்கும்போது நேரக்கூடியது: ஒரே எண்ணில் பதிவானவர்கள் ஒரே குடும்பம் என்று கருதினால் இல்லாத ஒரு பெருங்குடும்பம் உருவாகும், இரட்டைப் பதிவு என்று கருதி நீக்கினால் உயிரோடு இருக்கும் நோயாளிகள் பட்டியலிலிருந்து மறைவார்கள்.

அந்தப் பெண்ணின் முழு மருத்துவ வரலாறும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தது ஒரு மஞ்சப்பையில்தான். சர்க்கரை அளவு எழுதிய நாற்பது பக்க நோட்டு, கசங்கிய மருந்துச் சீட்டுகள், பதினான்கு இலக்கச் சுகாதார அடையாள எண் அச்சிட்ட தாள், பீடி பாஸ்புக் எல்லாம் அதில் இருந்தன. காகிதத்தைப் போற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, தாமிரபரணிக் கரையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களின் காகிதங்கள் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டிஜிட்டல் பதிவேடு வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் கிடையாது. அதே நாள்களில் பல இடங்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் இல்லாமல் போனதையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும்.

தேனியில் நடந்த ஆராய்ச்சி

கண் மருத்துவத்துக்கும் தொலைத்தொடர்பு ஆராய்ச்சிக்கும் தமிழ்நாட்டில் நீண்ட உறவு உண்டு. 1976-ல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1988-ல் திருநெல்வேலிக்கும் வந்தது. சென்னை ஐஐடி உருவாக்கிய கம்பியில்லாத் தொலைபேசித் தொழில்நுட்பத்தைக் கொண்டு 2000-களின் தொடக்கத்தில் மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டாரத்தில் கிராம இணைய மையங்கள் அமைக்கப்பட்டபோது, அங்கிருந்து கண்ணைப் படமெடுத்து மருத்துவமனைக்கு அனுப்பும் முயற்சிகளும் நடந்தன. ஆனால் இந்த ஆய்வுக்கு நெருக்கமானது அதற்குப் பிறகு தேனியில் நடந்தது.

கிராமத்தில் ஒரு சிறு பார்வை மையம். அங்கே பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைச் சோதித்து, நகரத்து மருத்துவமனையில் இருக்கும் மருத்துவரைக் காணொளியில் நோயாளியோடு பேச வைப்பார். ஏறத்தாழ 50,000 மக்கள் கொண்ட வட்டாரத்துக்கு ஒரு மையம் என்பது கணக்கு. இதற்குத் தேவையான இணைய வேகம் அக்காலத்தில் கிராமத்தில் கிடைக்கவில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான குழு, வீட்டுக்குள் பயன்படும் அதே வைஃபையைத் திசை ஆன்டெனாக்கள் மூலம் பல கிலோமீட்டர் தூரத்துக்கு அனுப்பும் வழியைத் தேடியது. ஆன்டெனா வைப்பது மட்டும் போதவில்லை. வைஃபையில் ஒவ்வொரு தரவுத் துண்டு சேர்ந்ததும் மறுமுனை ‘கிடைத்தது’ என்று பதில் அனுப்ப வேண்டும். தூரம் கூடும்போது அந்தப் பதில் தாமதமாகிறது, அனுப்பியவர் துண்டு தொலைந்துவிட்டது என்று நினைத்து மீண்டும் அனுப்புகிறார், இப்படியே நேரம் வீணாகிறது. துண்டுக்கொரு பதில் என்பதை விட்டு மொத்தமாகச் சேர்த்து ஒரு பதில், இரு முனைகளும் முறை வைத்துப் பேசுதல் என்று விதிகளை மாற்றியமைத்து, வேகத்தை இரண்டு முதல் ஐந்து மடங்குவரை உயர்த்தியதாக அவர்கள் 2007-ல் வெளியிட்டார்கள். தேனியிலுள்ள அரவிந்த் மருத்துவமனையோடு பார்வை மையங்கள் இவ்வாறு இணைக்கப்பட்டன.

பெரும்பாலான ஆய்வுக் குழுக்கள் இந்த இடத்தில் பெட்டியைக் கட்டியிருக்கும். கட்டுரை வந்துவிட்டது, தொழில்நுட்பம் வேலை செய்கிறது, இதற்கு மேல் என்ன? ஆனால் அக்குழு தங்கிப் பார்த்தது. 2008-ல் வெளியிட்ட இன்னொரு கட்டுரையில் தங்கள் வலையமைப்பு எப்படியெல்லாம் பழுதானது என்பதையே ஆய்வுப் பொருளாக்கியது. என் மதிப்பீட்டில் முதல் கட்டுரையைவிட இதுவே நமக்கு அதிகம் பயன்படக்கூடியது. பழுதுகளில் மிகப் பெரும்பாலானவை வானலையால் வந்தவை அல்ல, தரமற்ற மின்சாரத்தால் வந்தவை. திடீரென உயரும் மின்னழுத்தம் கருவியை எரித்தது. நீண்ட நேரம் தாழ்ந்தே இருந்த மின்னழுத்தம் ரவுட்டரை முழுதாக அணையவும் விடாமல் இயங்கவும் விடாமல் தொங்கலில் வைத்து, அதன் நினைவக அட்டையைக் கெடுத்தது. மையத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ‘லைன் போயிட்டு’ என்பது மட்டும்தான். எது போனது என்று சொல்லத் தெரியாததால் ஒவ்வொரு முறையும் வெளியூர் நிபுணருக்காகக் காத்திருக்க நேர்ந்தது. மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் கருவியைத் தானே துண்டிக்கும் மலிவான சுற்று, தொலைவிலிருந்தே பழுதைக் கண்டறியும் வழி, மருத்துவமனை ஊழியர்களுக்கே பழுதுநீக்கும் பயிற்சி என்று தீர்வுகள் படிப்படியாக வந்தன. அரவிந்தின் பார்வை மையங்கள் இன்று நூற்றுக்கும் மேல். திருநெல்வேலி மருத்துவமனையின் கீழும் அவை இயங்குகின்றன. கைபேசி இணையமும் கம்பிவட இணையமும் பரவியபின் அந்த நெடுந்தொலைவு வைஃபையின் தேவை குறைந்துபோனது. மையம் என்ற அமைப்பு நிலைத்தது.

ஆடிக் காற்றில் கிளை முறிந்து கம்பியில் விழுந்து மின்சாரம் நின்றுபோவதைப் பார்த்து வளர்ந்த நெல்லைக்காரர்களுக்கு, பழுதுக்குக் காரணம் மின்சாரமே என்ற அந்த முடிவு புதிதாக இருக்காது. ஆனாலும் தெரிந்த விஷயத்தை அளந்து எழுதிவைத்தால்தான் அடுத்த திட்டத்தின் கருவிப் பட்டியலில் அது ஏறும்.

இருட்டறையும் கேமராவும்

நமது நோயாளிக்கு விழித்திரைப் படம் எடுப்பதற்கு முதல் முயற்சி ஒரு முகாமில் நடந்தது. பள்ளிக்கூட வகுப்பறை, பெரிய ஜன்னல்கள், திரைக்குப் பதிலாக ஒரு போர்வை. கண்மணியை மருந்தில்லாமல் விரியச் செய்ய வேண்டுமானால் அறை நன்கு இருண்டிருக்க வேண்டும். போதாததற்கு அவருக்குக் கண்புரையும் இருந்ததால் படம் பனிமூட்டமாகவே வந்தது. ‘தரமில்லை’ என்று மென்பொருள் திருப்பிவிட்டது. ஒரு நாள் கூலியை இழந்து வந்தவரிடம், இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

விழித்திரைப் படத்தைக் கணினியே பார்த்துச் சொல்லும் ஆராய்ச்சி இந்தியக் கண் மருத்துவமனைகளையும் உள்ளடக்கியே வளர்ந்தது. 2016-ல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட, பரவலாகப் பேசப்பட்ட ஆய்வில் மென்பொருளைப் பயிற்றுவிக்கப் பயன்பட்ட 1,28,175 படங்களில் அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயணா நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளின் படங்களும் இருந்தன. ஆய்வுக்கூடத்தில் அதன் துல்லியம் கண் மருத்துவர்களுக்கு நிகராக இருந்தது. பின்னர் தாய்லாந்தின் அரசு மருத்துவ நிலையங்களில் 2018-19-ல் அதே நிறுவனத்தார் களத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, மென்பொருளுக்குக் கொடுக்கப்பட்ட 1,838 படங்களில் 21 சதவீதத்தை அது மதிப்பிட மறுத்தது. அறையின் வெளிச்சம் முக்கியக் காரணம். இணைய வேகம் குறைந்தபோது வரிசையும் நீண்டது. நமது பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்ததும் இதுவே. மென்பொருளின் கணக்கில் ‘மதிப்பிட இயலாத படம்’ என்பது தவறு அல்ல, எச்சரிக்கை. நோயாளியின் கணக்கில் அது ஒரு நாள் கூலி.

சம்மதம்

தொலைமருத்துவ ஆலோசனைக்கான வழிகாட்டு நெறிகள் 2020 மார்ச் 25 அன்று வெளியாயின. நோயாளியே அழைத்தால் அவர் சம்மதித்ததாகவே கொள்ளலாம். சுகாதாரப் பணியாளர் அழைப்பைத் தொடங்கினால் நோயாளியின் வெளிப்படையான சம்மதத்தைப் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும் என்று அவை சொல்கின்றன. கிராமத்தில் கிட்டத்தட்ட எல்லா அழைப்புகளையும் பணியாளர்தான் தொடங்குகிறார். டேப்லெட்டில் ஒரு கட்டத்தில் டிக் அடிப்பதே சம்மதமாகிவிடுகிறது. ஆராய்ச்சி என்று வரும்போது பொறுப்பு இன்னும் கூடுகிறது: ஊர்த் தலைவரோ குழுத் தலைவியோ ஒப்புக்கொள்வது தனிநபரின் சம்மதத்துக்கு ஈடாகாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் தெளிவாகச் சொல்கின்றன.

இந்த ஊருக்கு ஒரு கல்லூரி ஆய்வுக் குழுவும் வந்திருக்கிறது. மாத்திரையை நினைவூட்டும் குரல் அழைப்பு ஒன்றைப் பரிசோதித்தார்கள். நல்ல யோசனை, குரலும் நெல்லைத் தமிழில் இருந்தது. ஆனால் அழைப்பு வந்தது காலை பதினொரு மணிக்கு, அதாவது கடைக்குப் பீடி கொண்டுபோகும் நேரத்தில். எடுக்காதவர்கள் ‘ஆர்வமற்றவர்கள்’ என்று வகைப்படுத்தப்பட்டார்கள். நிதிக்காலம் முடிந்ததும் அழைப்பும் நின்றது. முடிவு என்ன என்று ஊரில் எவருக்கும் சொல்லப்படவில்லை. இப்போது யாராவது டேப்லெட்டோடு வந்தால், “இது எத்தனை மாசத்துக்கு?” என்றுதான் பெண்கள் முதலில் கேட்கிறார்கள். சம்மதப் படிவம் பதில் சொல்ல வேண்டிய முதல் கேள்வியும் அதுவே என்பேன்.

இப்போதைய நிலை

முகாமில் படம் கிடைக்காதவரைத் தன்னார்வலரே ஒரு பார்வை மையத்துக்கு அழைத்துச் சென்றார். கண்மணியை விரிக்கும் மருந்து விட்டுச் சோதித்ததில் இரு கண்ணிலும் புரை, விழித்திரையில் சர்க்கரை நோயின் தொடக்கநிலைப் பாதிப்பு என்று தெரிந்தது. காணொளியில் பேசிய மருத்துவர், சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் புரைக்கு அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்றார். நகரத்துக்குப் போகவேண்டிய பயணங்கள் பலவற்றைத் தொலைமருத்துவம் குறைத்தது உண்மை. அறுவைச் சிகிச்சைக்கான பயணத்தை அது குறைக்க முடியாது. அந்தப் பயணத்துக்குத் துணை வர ஆள் கிடைக்கும்வரை, அதாவது மகன் தீபாவளிக்கு ஊர் வரும்வரை, அவர் காத்திருந்தார். வலது கண்ணில் லென்ஸ் வைத்தாயிற்று, கடையில் கழிக்கப்படும் பீடி குறைந்திருக்கிறது. இடது கண் பாக்கி. பதிவேட்டில் இன்னும் தன்னார்வலரின் எண்தான் இருக்கிறது.

1965 முதல் இயங்கும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும், 1990-ல் தொடங்கப்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் இந்தக் கிராமங்களிலிருந்து பேருந்து தூரத்தில் உள்ளன. புதிய செயலி ஒன்றை எழுதுவது மாணவர்களுக்குக் கவர்ச்சியான வேலைதான். ஆனால் சமூக மருத்துவத் துறையும் கணினித் துறையும் சேர்ந்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, ஓர் ஆரம்பச் சுகாதார நிலையத்தின் பதிவேட்டை மட்டும் எடுத்து, அதில் உள்ள கைபேசி எண்களில் எத்தனை நோயாளியின் சொந்த எண், எத்தனை மகனுடையது, எத்தனை தன்னார்வலருடையது, எத்தனை உயிரற்றது என்று வீடு வீடாகச் சரிபார்த்தால், இங்கே பயன்படக்கூடிய முதல் ஆய்வு அதுவாக இருக்கும். எண்ணே இல்லாதவரைப் பதிவு செய்யும் மாற்றுவழியை அதன் பிறகு வடிவமைக்கலாம். அத்தகைய திட்டத்தின் செலவுப் பட்டியலில் சர்வருக்கும் டேப்லெட்டுக்கும் இடம் ஒதுக்குவதோடு, தன்னார்வலரின் மாத ரீசார்ஜுக்கும், நிதிக்காலம் முடிந்த அடுத்த ஆண்டின் பழுதுபார்ப்புக்கும் தனித்தனியே ஒரு வரி ஒதுக்கப்பட வேண்டும்.